தைமாதக் களப்பும் பறவைக் கணக்கும்

(ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு முதல்நாள் மாலை, மட்டக்களப்பில் கழக உறுப்பினர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சில் விட்டுப்போன சில இடங்களை எழுதும்போது நிரப்பியிருக்கிறேன்.)

தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, கழகத்தின் மூத்த உறுப்பினர்களே, வந்தாறுமூலையிலிருந்து வந்திருக்கும் பல்கலைக்கழக மாணவர்களே, குருமண்வெளியிலிருந்தும் அம்பிளாந்துறையிலிருந்தும் இன்று தோணியைக் கட்டிவைத்துவிட்டு வந்திருக்கும் அண்ணன்மாரே, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மாரே, உங்கள் எல்லாருக்கும் என் பணிவான வணக்கம்.

பறவைகளின் உருவத்தையும் நிறத்தையும் படம் காட்டி விளக்குவதற்கு எனக்குப் பிறகு இளையவர்கள் இருவர் இருக்கிறார்கள். என்னைவிடக் கூர்மையான கண்ணும் காதும் அவர்களுக்கு உண்டு என்பதால் அந்தப் பகுதியை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவன், இந்தக் களப்பின் கரையிலேயே பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் நான் ஒரேயொரு செய்தியைச் சொல்ல வந்திருக்கிறேன். நாளை நீங்கள் படிவத்தில் எழுதப்போகும் ஒவ்வொரு பறவைத் தொகைக்கும் பக்கத்தில் அன்றைய நீரின் நிலையையும் எழுதவேண்டும். அதை எழுதாத கணக்கு மட்டக்களப்பு வாவியைப் பொறுத்தவரையில் பாதிக் கணக்கே. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறேன் என்பதை விளக்குவதற்குச் சற்றுப் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

ஆண்டின் ஒரு குறிப்பிட்ட நாளில் பலர் பல இடங்களில் நின்று ஒரே நேரத்தில் பறவைகளை எண்ணும் வழக்கம் 1900 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் திகதி வட அமெரிக்காவில் தொடங்கியது. அதற்கு முன் அங்கே நத்தார் நாளன்று ஆட்கள் இரு கட்சியாகப் பிரிந்து, யார் கூடுதலான பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்துகிறார்கள் என்று போட்டியிடுவார்களாம். பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்று அழைப்பு விடுத்தார். முதல் ஆண்டில் 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். அந்தச் சிறு கூட்டம் தொடங்கிய வேலை இன்றுவரை ஓராண்டும் நிற்காமல் நடந்துவருகிறது. நீர்ப்பறவைகளுக்கான பன்னாட்டுக் கணக்கெடுப்பு 1967 இல் தொடங்கியது. அதன் ஆசியப் பிரிவு 1987 இல் இந்தியத் துணைக்கண்டத்தில் ஆரம்பமாகிப் பின் கிழக்காசியா வரை விரிந்தது. ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தின் இரண்டாம், மூன்றாம் வாரங்களை மையமாகக் கொண்டு அது நடைபெறுகிறது. நமக்கோ அது பொங்கலை ஒட்டிய நாட்கள். புதுப்பானையும் கரும்பும் வீட்டுக்கு வரும் அதே வாரத்தில்தான் நாம் தொலைநோக்கியைத் துடைத்து வைக்கிறோம்.

ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. வடக்கே இருந்து வரும் பறவைகள் ஆவணி, புரட்டாதியில் வரத் தொடங்கி, பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகின்றன. இந்த வருகைக்கும் புறப்பாட்டுக்கும் நடுவே, தை மாதத்தில், அவை பெரும்பாலும் ஓரிடத்தில் தங்கி இரைதேடும். பயணம் குறைந்திருக்கும் காலத்தில் எல்லா நாடுகளும் ஒருமித்து எண்ணினால், ஒரு நாட்டில் எண்ணப்பட்ட பறவை மறுவாரம் இன்னொரு நாட்டில் மறுபடி எண்ணப்படும் பிழை குறையும். இலங்கையின் நிலை இதில் தனிச்சிறப்பானது. மத்திய ஆசியப் பறப்புப் பாதை என்று அழைக்கப்படும் வான்வழியின் தென்கோடியில் நாம் இருக்கிறோம். தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே அண்டார்டிக்கா வரையில் நிலமே இல்லை. சைபீரியாவின் பனிவெளியில் குஞ்சு பொரித்த ஒரு சிறு பறவை தெற்கு நோக்கிப் பறந்துவந்து, இதற்கு மேல் போக இடமில்லை என்று நிற்கும் கரைகளில் நம் கரையும் ஒன்று. மன்னாரில் பிடித்துக் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகங்கள் இரசியாவின் ஆர்க்டிக் பகுதிவரை போனதை நம் நாட்டு ஆய்வாளர்களே அண்மைய ஆண்டுகளில் தொடர்ந்து அவதானித்திருக்கிறார்கள். வளைந்த அலகுள்ள உள்ளான் ஒன்றின் நிறை ஏறத்தாழ 60 கிராம், ஒரு கோழிமுட்டை அளவு. அந்த நிறையோடுதான் அது அத்தனை தூரத்தையும் கடக்கிறது.

இனி நம் களப்புக்கு வருகிறேன்.

வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரையில் ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்கரையோடு ஒட்டி ஓடும் இந்த வாவி, பெரும்பகுதியில் ஆழம் குறைந்தது. ஆழம் குறைந்த நீரே கால்நீண்ட பறவைகளின் வாழ்வு. நெடுங்கால் உள்ளான் நிற்கும் இடத்தில் பட்டாணி உப்புக்கொத்தி நிற்காது. கருவால் மூக்கன் அலகை அடிவரை விட்டுத் துழாவும் சேற்றில் பவளக்காலி மேலோட்டமாகக் கொத்திக்கொண்டு போகும். ஒவ்வொன்றின் காலும் அலகும் இத்தனை விரல் நீர், இத்தனை விரல் சேறு என்று அளந்து வைத்தது போன்றவை. ஆகவே களப்பின் நீர் ஒரு சாண் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும், எந்தப் பறவை எங்கே நிற்கும் என்ற ஒழுங்கு முழுவதுமே மாறிவிடுகிறது.

களப்பின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் வைத்த பெயர்கள் கணக்கெடுப்பவனுக்குப் பெரிய உதவி. கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. காலையில் எழுவான்கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் உங்கள் முதுகில் விழும். நீரில் நிற்கும் பறவையின் முகத்திலும் காலிலும் ஒளி நேரே படும். பச்சைக்காலியின் காலும் பவளக்காலியின் காலும் தெளிவாகத் தெரியும். அதே நேரத்தில் படுவான்கரையில் நின்று கிழக்கே பார்ப்பவருக்கு நீர் முழுவதும் வெள்ளித்தகடாகக் கூசும். அதன்மேல் நிற்கும் பறவைகள் எல்லாம் கரிய நிழல்கள். நிழலை எண்ணலாம், இனத்தைச் சொல்ல முடியாது. அப்படியானால் படுவான்கரைக் குழு மாலையில் எண்ணட்டுமே என்று பல ஆண்டுகளாக நாம் ஒழுங்கு செய்துவந்தோம். அது தவறு என்பதை நான் ஒப்புக்கொள்ளவேண்டும். காலையில் எழுவான்கரைச் சேற்றில் மேய்ந்த கூட்டம் மத்தியானத்துக்குப் பிறகு மறுகரைக்குப் பறந்துவிடலாம். அப்படிப் பறந்தால், காலையில் ஒரு குழுவும் மாலையில் இன்னொரு குழுவும் அதே பறவைகளை இருமுறை எழுதிவிடும். இரண்டையும் கூட்டிப்போட்டு, களப்பில் இவ்வளவு பறவை என்று நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம்.

ஆகவே இவ்வாண்டு முதல் இரு கரைகளிலும் ஒரே நேரத்தில், காலை ஆறரை மணி தொடக்கம் எண்ணுவோம். படுவான்கரைக் குழுக்களுக்குத் தரப்பட்டிருக்கும் இடங்கள் எல்லாம், கரை வளைந்து உள்ளே போகும் குடாக்களாகப் பார்த்துத் தெரிந்தெடுக்கப்பட்டவை. அங்கே நின்று வடக்கு நோக்கியோ வடமேற்கு நோக்கியோ பார்த்தால் தை மாதத்துத் தென்கிழக்குச் சூரியன் உங்கள் கண்ணுக்கு எதிரே வராது. நடுக்களப்பைக் கடந்து பறக்கும் கூட்டம் எதையாவது கண்டால், எத்தனை பறவை, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்று தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் இரு கரைத் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரே கூட்டம் இருமுறை எண்ணப்பட்டிருந்தால் கண்டுபிடித்துக் கழித்துவிடலாம்.

இப்போது முகத்துவாரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். என் பேச்சின் நடுப்பகுதியே இதுதான்.

நம் வாவி கடலோடு கலக்கும் வாய்கள் இரண்டு: வடக்கே பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம், தெற்கே கல்லாற்று முகத்துவாரம். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை மூடிவிடுகிறது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு மழை கொட்டும்போது முந்தனை ஆறு பெருகுகிறது, உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கின்றன, எல்லா நீரும் களப்புக்குள் வந்து சேருகிறது. மணல்மேடு தானே உடைத்துக்கொண்டு போகும் ஆண்டும் உண்டு. உடையாமல் நின்று, படுவான்கரை வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், பயிர் மூழ்கத் தொடங்கிய பிறகு வெட்டித் திறக்கும் ஆண்டும் உண்டு. எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கு ஒரு கணக்கு, வலைக்காரருக்கு வேறொரு கணக்கு; இருவர் பக்கத்திலும் நியாயம் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்துக் கடலில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு என்பதால், வேறு நாடுகளின் கழிமுகங்களில் நடப்பதுபோல நாளுக்கு இருமுறை சேறு வெளிப்பட்டு மறைவதில்லை. இங்கே சேற்றுத்திடல் தெரிவதும் மறைவதும் மழையாலும் முகத்துவாரத்தாலும் தீர்மானிக்கப்படுகிறது. வாய் திறந்து சில நாட்களில் நீர் இறங்கிவிடும். நேற்றுவரை இடுப்பளவு தண்ணீர் நின்ற இடத்தில் இன்று சேறு மினுங்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். அந்த ஜனவரியில் நாங்கள் நால்வர், குருக்கள்மடத்துக்குத் தெற்கே வழக்கமாக உள்ளான்கள் நிறைந்திருக்கும் ஒரு கரையில் போய் நின்றோம். ஆலாக்கள் மேலே பறந்தன, நீர்க்காகங்கள் மூழ்கி எழும்பின, கொக்குகள் கரைமரங்களில் நின்றன. ஆனால் உள்ளான் இனத்தில் கைவிரலுக்குள் அடங்கும் எண்ணிக்கையே கிடைத்தது. முந்திய ஆண்டுத் தாளை வைத்து ஒப்பிட்டோம். வீழ்ச்சி பயங்கரமாக இருந்தது. இளமை வேகம், களப்பில் உள்ளான்கள் அழிந்து வருகின்றன என்று நானே கட்டுரை எழுதினேன், அது அச்சிலும் வந்தது. அதை வாசித்துவிட்டு, அந்தக் கரையில் அத்தாங்கு போட்டு இறால் பிடிக்கும் முதியவர் ஒருவர் என் வீட்டுக்கே வந்தார். "தம்பி, நீங்க வந்த அண்டைக்கு முகத்துவாரம் வெட்டல்ல. தண்ணி நிறைஞ்சு கிடந்தது. உள்ளான் எல்லாம் வட்டைப் பக்கம் ஏறிப் போயிற்று. வெட்டி மூணாம் நாள் வந்து பாத்திருக்கலாமே" என்றார். அவரோடு அன்றே போனேன். நான் வெறுங்கரை என்று எழுதிய அதே இடத்தில், நீர் இறங்கி வெளிப்பட்ட சேற்றில், உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் விரித்த பாயைப்போல் பரவி மேய்ந்துகொண்டிருந்தன. எழுதியதைத் திருத்தி மறுபடி எழுதினேன். ஆனால் முதற்கட்டுரையை வாசித்தவர்கள் எல்லாரும் திருத்தத்தை வாசித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அந்த நாளுக்குப் பிறகு என் குறிப்பேட்டில் பறவைப் பெயருக்கு முன்னால் நீரின் நிலை இடம்பிடித்தது. நான் அன்று எண்ணிய எண்கள் பிழையானவை அல்ல. உண்மையிலேயே அந்தக் காலையில் அந்தக் கரையில் அத்தனை பறவைதான் நின்றன. பிழை, நீர் எவ்வளவு இருந்தது என்பதை எழுதாமல் விட்டதில் இருந்தது. எழுதியிருந்தால், அந்தத் தாளைப் பத்து ஆண்டு கழித்து எடுத்துப் பார்க்கும் எவரும், இது வெள்ளம் நின்ற ஆண்டு, இதை நீர் வடிந்த ஆண்டோடு ஒப்பிடக்கூடாது என்று விளங்கிக்கொண்டிருப்பார்கள். கணக்கெடுப்புப் படிவத்தில் நீர்நிலையின் நிலைமையைக் குறிக்க இடம் இருக்கவே செய்கிறது. பறவையின் மீதுள்ள ஆசையில் நாம்தான் அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிட்டுக் கையொப்பம் இடுகிறோம்.

நீரை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நம் களப்பில் பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகு ஓடும் துறைகள் இருக்கின்றன. குருமண்வெளியிலும் மண்டூரிலும், குருக்கள்மடத்திலும் அம்பிளாந்துறையிலும் ஆட்கள் நாள்தோறும் ஏறி இறங்குகிறார்கள். துறையில் கட்டிய படியோ கல்லோ தூணோ அசையாமல் இருக்கும் ஒன்றைத் தெரிந்தெடுங்கள். எத்தனை படி நீருக்குள், எத்தனை படி வெளியே என்று எண்ணுங்கள்; மேலே தெரியும் கடைசிப் படியிலிருந்து நீர்வரை எத்தனை அங்குலம் என்று ஒரு அடிமட்டத்தால் அளந்துகொள்ளுங்கள். அடுத்த ஆண்டும் அதே படியில் அளக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. படி இல்லாத இடங்களில், கரையிலிருந்து சேறு எத்தனை கவடு தூரத்துக்குத் தெரிகிறது என்று எழுதினால் போதும். முகத்துவாரம் திறந்திருக்கிறதா, திறந்து எத்தனை நாள், கடைசியாகப் பெருமழை பெய்தது எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கே நிற்கும் வலைக்காரரிடம் பதில் இருக்கும். கேட்டு எழுதுங்கள். ஆற்றுவாழை என்னும் ஆகாயத்தாமரை எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தோடு அடித்துவரப்பட்டு அது மூடிக்கொண்ட இடத்தில் இலைக்கோழியும் தாழைக்கோழியும் கூடும், வாத்துகள் இறங்கமாட்டா.

பறவைகளின் பெயர் விடயத்தில் ஒரு சிறு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப்பேச்சில் சேற்றில் ஓடித்திரியும் சிறு பறவை எல்லாமே உள்ளான்தான். சமையலுக்கும் பேச்சுக்கும் அது போதுமாயிருந்தது. சட்டம் பெரும்பாலான பறவைகளை 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் மூலம் காக்கத் தொடங்கிய பிறகும் சமையலுக்கு அது போதுமாயிருந்த காலம் நீண்டது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. கணக்குத்தாளில் அந்த ஒரு சொல்லுக்குள் பொரி உள்ளான், சதுப்பு உள்ளான், பச்சைக்காலி, பவளக்காலி, கல்திருப்பி என்று பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன. அடையாளம் தெரியாதபோது, பக்கத்தில் நிற்பவர் சொன்னார் என்பதற்காக ஒரு பெயரை எழுதிவிடாதீர்கள். 'இனம் தெரியாத உள்ளான்' என்று எழுதி எண்ணிக்கையைப் போடுங்கள். அது வெட்கப்படவேண்டிய வரி இல்லை. தாளில் அந்த வரியைக் காணும்போது எழுதியவர்மீது எனக்கு நம்பிக்கைதான் கூடுகிறது. வேறு எவர் கண்ணிலும் படாத அரிய பறவை ஒன்று தன் இடத்தில் மட்டும் வந்து நின்றதாக எழுதும் ஆசையும் எல்லாருக்கும் உண்டு, அதிலும் பதின்ம வயதில் மிகுதியாக உண்டு. அப்படி எதையாவது கண்டால் படம் எடுங்கள். படம் இல்லையென்றால் கண்ட உறுப்புகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பெயரைப் பெரியவர்கள் கூடி முடிவுசெய்வோம்.

பெருங்கூட்டத்தை எண்ணுவதற்குப் பழக்கம் வேண்டும். முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து உங்கள் கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டு, அதே அளவான துண்டுகளாகக் கூட்டத்தை அளந்துகொண்டு போகவேண்டும். கூட்டம் மிகப் பெரிதானால் ஐம்பது, நூறு என்று துண்டைப் பெரிதாக்கலாம். இன்று இரவு வீட்டில் ஒரு பழக்கம் செய்துபாருங்கள். சுளகில் ஒரு பிடி அரிசியைச் சிதறி, பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று மதிப்பிட்டு எழுதிவிட்டு, பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பெரும்பாலானோர் குறைத்தே மதிப்பிட்டிருப்பீர்கள். கூட்டம் பெருக்கப் பெருக்க மனிதக் கண் குறைத்து மதிப்பிடும் என்பது எங்கும் கண்ட உண்மை. நான்கைந்து முறை செய்தால் உங்கள் கண் எவ்வளவு குறைக்கிறது என்பது உங்களுக்கே பிடிபடும். செம்பருந்து தாழப் பறந்தால் கூட்டம் முழுவதும் எழும்பிவிடும். அப்போது பதறாமல் நில்லுங்கள், சுற்றிவிட்டுப் பெரும்பாலும் அதே திடலில் வந்து இறங்கும். நாம் அருகே போய் எழுப்பி விடுவது மட்டும் கூடாது. இரைதேடும் பறவையை ஒருமுறை எழுப்புவது அதன் பயணத்துக்கான கொழுப்பில் ஒரு துளியை எடுத்துவிடுவதற்குச் சமம்.

ஒன்றுமே காணாத இடத்துக்குப் போகும் குழுவுக்கும் ஒரு வார்த்தை. சென்ற ஆண்டு மாணவி ஒருவர் இரண்டு மணிநேரம் ஒரு கரையில் நின்றுவிட்டு, ஒன்றும் இல்லை ஐயா என்று சொல்லி வெறுந்தாளை மடித்து என் கையில் தந்தார். அவரை அதே இடத்தில் உட்காரவைத்து, நேரம், நீர், வானிலை எல்லாவற்றையும் எழுதி, எண்ணிக்கைக்கு நேரே 0 என்று போடச் சொன்னேன். போகாத இடத்துக்கும் போய்ப் பார்த்து ஒன்றும் காணாத இடத்துக்கும் வித்தியாசம் அந்த 0 ஒன்றுதான். என் சொந்தக் குறிப்பேடுகளில் அந்த 0 கூட இல்லாத ஆண்டுகள் பல இருக்கின்றன. தொலைநோக்கியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு களப்பங்கரையில் நிற்கக்கூடிய காலங்களாக அவை இருக்கவில்லை. படுவான்கரைக்குப் போவதே எவ்வளவு பாடு என்பதை இங்கே இருக்கும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட எவரும் அறிவீர்கள். அந்த ஜனவரிகளிலும் பறவைகள் வந்தன. கதவிடுக்கால் பார்த்தால் வானத்தில் அவை வரிசையாகப் போவது தெரிந்தது. எத்தனை வந்தன என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. அந்தப் பக்கங்களை இனி நிரப்பவும் முடியாது. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி கரைமரங்களைச் சாய்த்தபோதும், 2004 டிசம்பர் 26 இல் கடல் களப்புக்குள் புகுந்தபோதும், அதற்கு முன் இருந்த நிலை என்ன, பின் ஆன நிலை என்ன என்று ஒப்பிட்டுக் காட்ட நம் கையில் ஒழுங்கான தொடர் இருக்கவில்லை.

தொடர் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அம்பாறை மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1938 இல் பறவைகள் சரணாலயமான குமணை, 2010 இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஈரநிலங்களுக்கான அந்த உடன்படிக்கை 1971 பெப்ரவரி 2 ஆம் திகதி ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தானது; இலங்கை 1990 இல் சேர்ந்து, புந்தலையை முதலிடமாகப் பதிவுசெய்தது. ஓர் ஈரநிலம் பன்னாட்டு முக்கியத்துவம் உடையதா என்று தீர்மானிக்க வகுத்திருக்கும் அளவுகோல்களில் இரண்டு நேரடியாகப் பறவைக் கணக்கைச் சார்ந்தவை: அங்கே ஒழுங்காக 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் தங்கவேண்டும், அல்லது ஓர் இனத்தின் தொகுதியில் நூற்றுக்கு ஒன்று ஒழுங்காக அங்கே தங்கவேண்டும். 'ஒழுங்காக' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு நல்ல ஆண்டில் எடுத்த பெரிய எண் எதையும் நிறுவாது. பல ஆண்டுத் தொடரே நிறுவும். மட்டக்களப்பு வாவி அந்தப் பட்டியலில் இல்லை. கரையை நிரப்பிக் காணியாக்கும்போதும், கண்டலை வெட்டும்போதும், குப்பையைக் கொட்டும்போதும், இது வெறும் சேறுதானே என்று சொல்லுகிறவரிடம் எடுத்துக் காட்ட ஒரு தாளாவது வேண்டாமா? 2024 இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வளைந்த அலகு உள்ளானைச் சிவப்புப் பட்டியலில் அழிய வாய்ப்புள்ள இனமாக உயர்த்தியது. அத்தகைய முடிவுகள் பல நாட்டுக் கரைகளில் இப்படி நின்று எண்ணியவர்களின் நீண்ட தொடர்களிலிருந்தே பிறக்கின்றன.

கோமாரி, ஊறணிக் களப்புகளுக்கும் இறக்காமம் குளத்துக்கும் போகும் அம்பாறைக் குழுக்களுக்கு நான் சொன்னவற்றில் ஒரு மாற்றம் உண்டு. குளத்தில் முகத்துவாரம் இல்லை. அணைக்கட்டில் நீர்மட்ட அளவுகோல் இருந்தால் அதை வாசித்து எழுதுங்கள், இல்லையென்றால் துருசின், அதாவது மதகின், கட்டுமானத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள வயல்களில் பெரும்போகப் பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். பயிர் அடர்ந்து வளர்ந்துவிட்ட வயலில் பொரி உள்ளானைக் காண்பது அரிது. குளத்தங்கரையில் யானை நிற்கக்கூடும். விடியுமுன் அங்கே நடந்து போகவேண்டாம். களப்பிலோ முதலை உண்டு. வயற்சேற்றில் இறங்குவதால் எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதால், கால்களில் காயம் உள்ள பிள்ளைகளைத் தாய்மார் கரையிலேயே நிறுத்திவையுங்கள். ஒரு பறவையின் பெயருக்காக எவரும் நீரில் இறங்கக்கூடாது.

குழுத்தலைவர்கள் போகுமுன் படிவங்களை வாங்கிக்கொள்ளுங்கள். இவ்வாண்டு படிவத்தின் தலைப்பிலேயே நீர்மட்டத்துக்கும் முகத்துவாரத்துக்கும் சேறு தெரியும் தூரத்துக்கும் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறோம். ஒவ்வொரு குழுவிலும் அந்த ஊர் வலைக்காரர் ஒருவர் இருப்பார். நீர்ப் பகுதியை அவர் சொல்ல மாணவர் எழுதட்டும், கீழே அவர் பெயரும் எண்ணியவர்களின் பெயரோடு சேர்ந்து வரட்டும். அன்று என் வீட்டுக்கு நடந்து வந்து பிழையைச் சொன்ன அந்தப் பெரியவரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை என்பது எனக்கு இன்றும் மனக்குறை.

குருமண்வெளிக்குப் போகும் குழு ஐந்தரை மணிக்கே துறையில் நிற்கவேண்டும். பாதை புறப்பட்டால் அலை எழுந்து படிகளை நனைத்துவிடும். பிறகு எது நீரின் மட்டம், எது அலை ஏறிய ஈரம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே டோர்ச் வெளிச்சத்திலாவது முதலில் படிகளை எண்ணி எழுதிவிடுங்கள்.